இரண்டு மருந்துக்கும் அடங்காத வலிப்பு: நெடுங்காலம் கையாள்வது எப்படி?

வலிப்பு நோய் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு மாத்திரையிலேயே வலிப்பு நின்றுவிடுகிறது. மிச்சமுள்ள ஒரு பங்கினருக்கு நிற்பதில்லை. அளவைக் கூட்டுகிறார்கள், மருந்தை மாற்றுகிறார்கள், இன்னொன்றைச் சேர்க்கிறார்கள். சில மாதம் குறைந்தாற்போல் இருந்துவிட்டு வலிப்பு திரும்பி வருகிறது. நம் ஊர்களில் இப்படியே பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்ட குடும்பங்கள் ஏராளம். பை நிறைய மருந்துச் சீட்டு இருக்கும். "இந்த வலிப்பு மருந்துக்கு அடங்காத வகை" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எப்போது அப்படிச் சொல்லலாம் என்பதற்குத் தெளிவான வரையறை இருக்கிறது. பன்னாட்டு வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010-இல் வகுத்தது அது: அந்த வகை வலிப்புக்கென்று சரியாகத் தேர்ந்தெடுத்த, உடம்புக்கு ஒத்துக்கொண்ட, போதிய அளவில் கொடுத்த இரண்டு மருந்துகள், தனித்தனியாகவோ சேர்த்தோ, வலிப்பை முழுமையாக நிறுத்தத் தவறினால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு.

இரண்டிலேயே ஏன் கோடு போட்டார்கள்? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், அதுவரை மருந்தே எடுக்காத 470 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை. முதல் மருந்திலேயே 47 சதவீதத்தினருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில் நின்றவர்கள் 14 சதவீதம். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து நின்றவர்கள் 3 சதவீதம் மட்டுமே. அதே மருத்துவமனையில் 1,795 பேரைக் கொண்ட விரிவான ஆய்வு 2018-இல் வந்தது. இடையில் பத்துக்கும் மேற்பட்ட புது மருந்துகள் சந்தைக்கு வந்திருந்தும், வலிப்பு நின்றவர்கள் மொத்தம் 64 சதவீதம்தான். அதாவது மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மாத்திரைகளில் முழு நிறுத்தம் கிடைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு படியிலும் சுருங்கிக்கொண்டே போகிறது.

ஆகவே இரண்டாவது மருந்து தோற்கும் நாளில் அணுகுமுறையே மாற வேண்டும். அன்று கேட்க வேண்டியவை மூன்று. உண்மையிலேயே மருந்து தோற்றதா? அறுவை சிகிச்சைக்கு இடமிருக்கிறதா? வலிப்பு முழுவதும் நிற்காது என்றால், ஆபத்தைக் குறைத்து வாழ்க்கையை எப்படி அமைத்துக்கொள்வது? இந்த வரிசையைத் தவறவிட்டு மூன்றாவது மாத்திரைக்குத் தாவுவதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறு.

உண்மையிலேயே மருந்து தோற்றதா?

அடங்காத வலிப்பு என்று பெரிய மையங்களுக்கு அனுப்பப்படுபவர்களில் கணிசமானோருக்கு அது வலிப்பே இல்லை. மயக்கம், இதயத் துடிப்புக் கோளாறு, மன அழுத்தத்தால் வரும் வலிப்பு போன்ற துடிப்புகள் ஆகியவை வலிப்பாகவே தெரியும். மனம் சார்ந்த துடிப்புகள் நடிப்பு அல்ல. அவர் வேண்டுமென்று செய்வதும் அல்ல. ஆனால் வலிப்பு மாத்திரை அவற்றுக்கு வேலை செய்யாது. அவற்றுக்கு மனநல சிகிச்சைதான் மருந்து. இதைப் பிரித்தறிய மிக நம்பகமான வழி வீடியோ ஈஈஜி: வார்டில் சில நாள் தங்கவைத்து, மூளை மின்னலைகளையும் காணொளியையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்து, துடிப்பு வரும் கணத்தில் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. வெளிநோயாளியாக அரை மணி நேரம் எடுக்கும் சாதாரண ஈஈஜி இயல்பாக வந்தால் வலிப்பு இல்லை என்றோ, கோளாறாக வந்தால் எல்லாத் துடிப்பும் வலிப்புதான் என்றோ சொல்லிவிட முடியாது.

அதற்கு முன்பே வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி, செல்பேசியில் எடுக்கும் காணொளி. முதலில் நோயாளியைப் பாதுகாப்பாகக் கிடத்திவிட்டு, இன்னொருவர் எடுக்க வேண்டும். முகம் மட்டுமல்லாமல் முழு உடம்பும் தெரிய வேண்டும், போர்வையை விலக்கிவிடுங்கள். கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது முக்கியம்: வலிப்பில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும், மனம் சார்ந்த துடிப்பில் இறுக மூடியிருப்பது அதிகம். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் கை முதலில் விறைக்கிறது, வாயை மெல்லுவதுபோல் அசைக்கிறாரா, துணியைத் தடவுகிறாரா என்பவற்றிலிருந்து மூளையின் எந்தப் பகுதியில் தொடங்குகிறது என்று மருத்துவர் ஊகிக்க முடியும். நடுவில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள். முடிந்தபின் பேச்சுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதும் பதிவாகட்டும்.

அடுத்த காரணம், வலிப்பின் வகைக்குப் பொருந்தாத மருந்து. பதின்வயதில் தொடங்கி, காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறி டம்ளரைத் தவறவிடுபவருக்கு இருப்பது பெரும்பாலும் இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு. இதற்குக் கார்பமசெபினோ ஃபெனிடாயினோ ஆக்ஸ்கார்பஸெபினோ கொடுத்தால் உதறல் கூடும். டிராவே நோய்க்குறி என்ற, கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கடும் மரபணு வலிப்பு உள்ள குழந்தைகளுக்கும் இந்த வகை மருந்துகள் நிலைமையை மோசமாக்கும். சரியான மருந்துக்கு மாற்றியதும் "அடங்காத" வலிப்பு அடங்கிவிடுவது இங்கே அரிதல்ல.

மூன்றாவது காரணம் அளவு. குறைந்த அளவிலேயே ஒரு மருந்தை நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போனால் முதலாவது தோற்றதாகக் கணக்கில் சேராது. ஒவ்வாமைத் தடிப்பால் நிறுத்திய மருந்தும் அப்படியே. பழைய சீட்டுகளைப் பரப்பிவைத்து, எந்த மருந்து, அதிகபட்சம் எத்தனை மில்லிகிராம், எத்தனை மாதம், ஏன் நிறுத்தினார்கள் என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனால், மருத்துவருக்கு அது எந்தப் பரிசோதனை முடிவுக்கும் குறையாத உதவி.

நான்காவது, மருந்து உடம்புக்குள் போய்ச் சேராதது. வேளை தவறுவது மட்டும் இதற்குக் காரணமல்ல. கார்பமசெபின் மாத்திரை ஈரப்பதத்தில் இறுகிப்போனால் அதன் வீரியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை உடம்பு உறிஞ்சாமல் போகலாம். குளியலறை அலமாரியும் கடலோர ஊர்களின் திறந்த டப்பாவும் அதற்கு எதிரிகள். வால்ப்ரோயேட் மாத்திரையும் ஈரத்தை இழுக்கும். பட்டையிலிருந்து பிரித்து வாரப் பெட்டியில் போட்டுவைக்கக் கூடாது. நீடித்து வெளியாகும் வகை மாத்திரைகளை நசுக்கிப் பொடியாக்கினால் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கி மயக்கம் தரும், பிறகு அடுத்த வேளைக்குள் தீர்ந்துபோகும். ஃபெனிடாயின் சிரப்பில் மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காமல் ஊற்றினால் புட்டியின் முதல் பாதியில் வலிப்பு வரும், கடைசிப் பாதியில் குழந்தை தள்ளாடும். இரண்டுக்கும் காரணம் ஒரே புட்டி என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வேளை தவறினால் நினைவு வந்தவுடன் போட்டுக்கொள்வதே பொது வழக்கம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. இதற்கும், மாத்திரை விழுங்கிய சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்பதற்கும் உங்கள் மருந்துக்கான விதியை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்து வேலை செய்கிறதா என்று எப்போது தெரியும்?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வலிப்பு வரும் ஒருவருக்கு, புது மருந்தில் மூன்று மாதம் வராமல் இருந்தால் குடும்பமே கொண்டாடிவிடும். பன்னாட்டுக் கழகத்தின் கணக்கு இன்னும் கறாரானது. சிகிச்சைக்கு முன்பிருந்த மிக நீண்ட இடைவெளியின் மூன்று மடங்கு, அல்லது ஓராண்டு, இவற்றில் எது பெரிதோ அதுவரை வராமல் இருந்தால்தான் நின்றது எனலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருபவர் ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டும்.

இதற்கு நாட்குறிப்பு தேவை. தேதி, நேரம், தூக்கத்திலா விழிப்பிலா, எவ்வளவு நேரம், விழுந்தாரா, நினைவு போனதா, அன்று வேளை தவறியதா, முந்தைய இரவு தூக்கம் எவ்வளவு, காய்ச்சல், பெண்களுக்கு மாதவிடாய் நாள். தன் வலிப்பைத் தானே எண்ணுபவர்கள் பாதிக்கும் மேற்பட்டவற்றைத் தவறவிடுகிறார்கள் என்று வீடியோ ஈஈஜி வார்டுகளில் கண்டிருக்கிறார்கள். குறிப்பாகத் தூக்கத்தில் வருபவற்றை. ஆகவே பக்கத்தில் படுப்பவர் எழுதும் குறிப்பே நம்பகமானது. காலையில் நாக்கில் கடிபட்ட புண், நனைந்த படுக்கை, காரணமில்லாத உடல்வலி ஆகியவற்றையும் எழுதுங்கள்.

அறுவை சிகிச்சை கடைசி வழியல்ல

மூளையில் கத்தி வைப்பது என்றதும் எழும் அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அதைக் கடைசிக் கதவாக நினைப்பதால் ஏற்படும் இழப்பு பெரிது. அமெரிக்கா போன்ற நாடுகளில்கூட நோய் தொடங்கி அறுவைக்குப் போய்ச் சேர்வதற்குள் சராசரியாக 20 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அதற்குள் படிப்பும் வேலையும் போயிருக்கும். பல ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டிய பலன் அது.

மிகத் தெளிவான சான்று, மூளையின் பக்கவாட்டில் காதையொட்டி இருக்கும் பொட்டுமடலில் தொடங்கும் வலிப்புக்கு இருக்கிறது. கனடாவில் 80 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்தி, 2001-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் நினைவு தவறும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவை செய்துகொண்டவர்களில் 58 சதவீதம். மருந்து மட்டும் தொடர்ந்தவர்களில் 8 சதவீதம். குழந்தைகளுக்கான சான்று நம் நாட்டிலிருந்தே வந்தது. தில்லி எய்ம்ஸில் 116 பேரை வைத்து நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில் வலிப்பு நின்றவர்கள் அறுவை செய்துகொண்டவர்களில் 77 சதவீதம், மருந்து மட்டும் தொடர்ந்தவர்களில் 7 சதவீதம்.

இந்தியாவில் இது புதிய வேலையும் அல்ல. நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையை 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்தவர் அவர். வலிப்புக்கான அறுவை அங்கே 1950-களிலேயே தொடங்கிவிட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் வலிப்பு மையம் 1995 முதல் இதைத் தொடர்ந்து செய்துவருகிறது. தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து போகிறவர்கள் பலர். பெங்களூரு நிம்ஹான்ஸும் அப்படியே.

மதிப்பீடு எப்படி நடக்கும்? முதலில் வலிப்புக்கென்றே வடிவமைத்த எம்ஆர்ஐ. தலைவலிக்கு எடுக்கும் சாதாரண எம்ஆர்ஐயில் துண்டுகள் தடிமனாக இருக்கும். மூளையின் மேலடுக்கான புறணியில் உள்ள சிறிய கோளாறுகள் அவற்றுக்கிடையே ஒளிந்துவிடும். மெல்லிய துண்டுகளாக, பொட்டுமடலுக்குள் நினைவாற்றலுக்கான பகுதியான ஹிப்போகாம்பஸுக்குச் செங்குத்தான தளத்தில், முடிந்தால் 3 டெஸ்லா கருவியில் எடுக்க வேண்டும். படத்தைப் பார்ப்பவருக்கு வலிப்பு எங்கே தொடங்குகிறது என்ற ஊகமும் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் அடிக்கடி தென்படுபவை: ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பானது, நாடாப்புழு நீர்க்கட்டி ஆறி சுண்ணாம்புப் புள்ளியாக நின்றது, பிறந்த சமயத்தில் மூச்சுத் திணறலாலோ ரத்தச் சர்க்கரை இறங்கியதாலோ ஏற்பட்ட தழும்பு, புறணி வளர்ச்சிக் கோளாறு.

அடுத்து வீடியோ ஈஈஜி வார்டு. சில நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். மருத்துவர்களே மாத்திரையைக் குறைத்து வலிப்பை வரவழைப்பார்கள். இதை வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது. கூட இருப்பவர் 24 மணி நேரமும் தேவை. பிறகு நினைவாற்றல், மொழித்திறன் சோதனைகள். இவை எல்லாம் ஒரே இடத்தைச் சுட்டினால் அறுவைக்கு வழி எளிது. முரண்பட்டால் பெட் ஸ்கேன், அல்லது மூளைக்குள் மின்முனைகள் வைத்துப் பதிவுசெய்வது வரை போகும்.

ஆபத்து இல்லாமல் இல்லை. பேச்சு இருக்கும் பக்கத்தில் பொட்டுமடலை அகற்றினால் சொற்களை நினைவில் வைப்பது குறையலாம். இரண்டு கண்ணிலும் எதிர்ப்பக்க மேல்மூலைப் பார்வை கொஞ்சம் மறையலாம். பலன் எப்போதும் நிரந்தரமும் அல்ல: லண்டனில் 615 பேரை நெடுங்காலம் தொடர்ந்த ஆய்வில், ஐந்தாண்டில் 52 சதவீதத்தினரும் பத்தாண்டில் 47 சதவீதத்தினரும் நினைவு தவறும் வலிப்பு இல்லாமல் இருந்தனர். மருந்தையும் உடனே நிறுத்திவிட முடியாது. இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்த்தபின் வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது அவருடைய உரிமை. மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் விடுவதற்குத்தான் நியாயம் இல்லை.

விழுந்து விழுந்து தலையை உடைத்துக்கொள்ளும் லெனாக்ஸ்-காஸ்டோ என்ற கடும் வலிப்பு நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு, இரு மூளை அரைக்கோளங்களை இணைக்கும் பாலத்தைத் துண்டிக்கும் அறுவை உண்டு. வலிப்பை நிறுத்துவதைவிட விழுவதைக் குறைப்பதே அதன் நோக்கம்.

உணவு முறையும் கருவியும்

கீட்டோஜெனிக் உணவு இன்றைய எடைக் குறைப்பு மோகத்தில் பிறந்ததல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ரஸல் வைல்டர் 1921-இல் வலிப்புக்காக முன்வைத்தது. செவ்வியல் முறையில் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம். கலோரியில் 90 சதவீதம் கொழுப்பிலிருந்தே வரும். ஒவ்வொரு கவளத்தையும் தராசில் நிறுக்க வேண்டும். சற்றுத் தளர்ந்த வடிவமான திருத்திய அட்கின்ஸ் முறையில் மாவுச்சத்து ஒரு நாளைக்கு 10 முதல் 20 கிராம். வடித்த சோறு 100 கிராமிலேயே ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது என்பதைப் பார்த்தால், நம் சமையலறையில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும். முட்டை, பனீர், தேங்காய் எண்ணெய், கெட்டித் தேங்காய்ப்பால், வெண்ணெய், கீரை, வெள்ளரி இவற்றை வைத்துத்தான் நாள் ஓட வேண்டும்.

பலன் உண்டு. 2008-இல் லண்டனில் நடந்த குலுக்கல் ஆய்வில், உணவு முறையில் இருந்த குழந்தைகளில் 38 சதவீதத்தினருக்கு மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மற்றவர்களில் 6 சதவீதத்தினருக்கு. சர்க்கரை மூளைக்குள் போதிய அளவு போய்ச் சேராத க்ளூட்-1 குறைபாடு உள்ள குழந்தைகளுக்கோ இதுவே முதல் சிகிச்சை. ஆனால் வீட்டிலேயே தொடங்கக் கூடாது. கொழுப்பைச் சக்தியாக மாற்ற முடியாத சில பிறவிக் கோளாறுகள் இருந்தால் இந்த உணவு உயிருக்கே ஆபத்து. முதலில் ரத்தப் பரிசோதனையில் அவற்றை விலக்க வேண்டும். மலச்சிக்கல், சிறுநீரகக் கல், வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றுக்கும் கண்காணிப்பு வேண்டும். டோபிரமேட் எடுக்கும் குழந்தைக்குக் கல் உண்டாகும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் உணவு முறை திடீரென்று தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒளிந்திருக்கும் சர்க்கரை: காய்ச்சல் சிரப், சப்பிச் சாப்பிடும் விட்டமின் மாத்திரை, பக்கத்து வீட்டுப் பிஸ்கட். இன்னொன்று மருத்துவமனையில் ஏற்றும் குளுக்கோஸ் டிரிப். "குழந்தை கீட்டோ உணவில் இருக்கிறது, குளுக்கோஸ் கலந்த திரவம் அவசியமென்றால் மட்டும்" என்று மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம் பையில் எப்போதும் இருக்க வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகக் கடைப்பிடித்தும் பலனில்லை என்றால் நிறுத்திவிடலாம்; இருந்தால் பொதுவாக இரண்டு ஆண்டு தொடர்வார்கள்.

கழுத்தில் செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவி 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாளடைவில் பாதிப் பேருக்கு வலிப்பு பாதியாகக் குறைகிறது. முழுதும் நிற்பவர்கள் மிகச் சிலரே. குரல் கரகரக்கும். பேட்டரி தீர்ந்தால் மறுபடி அறுவை, மறுபடி செலவு. பல லட்சம் கொடுப்பதற்கு முன், தழும்பை அகற்றும் அறுவைக்கு இடமில்லை என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பல மாத்திரைகளோடு வாழ்வது

வலிப்பு நிற்காதபோது மாத்திரைகளின் நோக்கம் மாறுகிறது: நினைவிழந்து உடம்பு முழுவதும் துடிக்கும் பெரிய வலிப்பைத் தடுப்பது, விழுவதைக் குறைப்பது, ஆனால் ஆளைத் தூங்குமூஞ்சியாக்காமல் இருப்பது. நான்கு மருந்தில் மாதம் மூன்று வலிப்பும் நாளெல்லாம் உறக்கமும் என்றால், இரண்டு மருந்தில் மாதம் நான்கு வலிப்பும் தெளிந்த பகலும் மேல். புதிதாக ஒன்று சேர்க்கும்போது பழையதில் எதைக் குறைப்பது என்ற கேள்வி உடன்வர வேண்டும். குறைப்பதும் மெல்லத்தான்: க்ளோபஸாம் வாரக்கணக்கில், ஃபீனோபார்பிட்டோன் மாதக்கணக்கில். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விடும்.

ஃபெனிடாயினுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. நிரம்பப்போகும் குடத்தில் கடைசிச் சொம்பு ஊற்றுவதுபோல, ஓர் அளவுக்கு மேல் சிறிது கூட்டினாலும் ரத்தத்தில் அதன் அளவு எகிறிவிடும். நடை தள்ளாடும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும். லாமோட்ரிஜினோடு வால்ப்ரோயேட் சேர்ந்தால் லாமோட்ரிஜின் அளவு இரட்டிப்பாகும். ஆகவே வழக்கமான 25 மி.கி. தினமும் என்பதற்குப் பதில் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று தொடங்குவார்கள். அவசரப்பட்டுக் கூட்டினால் தோல் உரியும் அளவுக்கு ஒவ்வாமை வரலாம். தடிப்போடு காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். லெவிடிராசிடத்தில் எரிச்சலும் கோபமும், டோபிரமேட்டில் சொல் கிடைக்காமல் தடுமாறுவதும், ஆக்ஸ்கார்பஸெபினில் ரத்தத்தில் சோடியம் குறைவதும் வழக்கமான தொல்லைகள். சோடியம் மிகக் குறைந்தால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும்.

வேறு நோய்க்கு வேறு மருத்துவரிடம் போகும்போதுதான் எதிர்பாராத சிக்கல். மெரோபெனம் ஊசி வால்ப்ரோயேட் அளவை ஓரிரு நாளிலேயே தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். வால்ப்ரோயேட்டைக் கூட்டிச் சரிக்கட்ட முடியாது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் கார்பமசெபினை ஏற்றிவிடும். காசநோய்க்கான ஐசோநியாசிட் ஃபெனிடாயினை ஏற்றும், ரிஃபாம்பிசின் பல மருந்துகளை இறக்கும். வலிக்குத் தரும் டிராமடோல் வலிப்பைத் தூண்டும். எந்தக் கடைக்கும் மருத்துவமனைக்கும் மருந்துப் பட்டியலோடு போக வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நீலகிரித் தைலமும் கற்பூரம் கலந்த தைலங்களும் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். சளிக்குத் தடவிய நாளில் வந்ததா என்று குறிப்பில் பாருங்கள்.

தூக்கமின்மை மிக வலுவான தூண்டுதல். கல்யாண வீட்டு இரவும் விடிய விடியத் திருவிழாவும் வேண்டாம் என்பதில்லை. மாத்திரை நேரம் மாறாமல், பகலில் தூங்கி ஈடுசெய்ய வேண்டும். விரதம் இருப்பவர்கள் மாத்திரையை விடக் கூடாது.

ஐந்து நிமிடமும் அதற்கு மேலும்

வலிப்பு வந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், கழுத்து இறுக்கத்தைத் தளர்த்துங்கள். சாவிக்கொத்து, இரும்பு எதுவும் உதவாது; வாயில் கரண்டியோ விரலோ வைத்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். முழுத் தெளிவு வரும்வரை தண்ணீர்கூட வேண்டாம்.

பெரிய வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே இங்கே கிடைக்கிறது. குழந்தைகளுக்கு வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 மி.கி. ஓர் அழுத்தில் எத்தனை மில்லிகிராம் வரும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். 0.5 மி.கி. வரும் ஸ்பிரே என்றால் 20 கிலோ குழந்தைக்கு 4 மி.கி., அதாவது எட்டு அழுத்து. ஒரு மூக்கில் நான்கு, மறு மூக்கில் நான்கு. இதை மருத்துவர் கணக்கிட்டு, புட்டியின் மேலேயே எழுதி ஒட்டித் தர வேண்டும். குழந்தை எடை கூடும்போது எண்ணும் மாறும். புதுப் புட்டியைக் காற்றில் சிலமுறை அழுத்தித் தயார்செய்யாவிட்டால் முதல் அழுத்துகளில் மருந்தே வராது. ஒன்று வீட்டில், ஒன்று பள்ளியில், காலாவதித் தேதி செல்பேசியில் குறித்து. கொடுத்தபின் மூச்சைக் கவனியுங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, மூச்சு மெலிந்தாலோ, தெளியாமல் அடுத்தடுத்து வந்தாலோ 108.

அன்றாட ஆபத்துகளில் தீயும் தண்ணீரும் முதலிடம். பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து வாளித் தண்ணீரில் குளிப்பது, கதவைத் தாழிடாமல் சாத்துவது, கிணற்றடி, குளம், மொட்டைமாடிக் கைப்பிடி அருகே தனியாகப் போகாமல் இருப்பது. சமைப்பவர் என்றால் இண்டக்ஷன் அடுப்பு நல்லது. சாதம் வடிப்பதை வேறொருவர் செய்யட்டும். தாழ்ந்த கட்டில் அல்லது தரையில் மெத்தை.

சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு. வலிப்பு உள்ளவர்கள், பெரும்பாலும் தூக்கத்தில், எதிர்பாராமல் இறந்துபோவது, பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்கும் குழந்தைகளில் 4,500-இல் ஒருவருக்கும் நேர்கிறது. அடங்காத வலிப்பில் இது இன்னும் அதிகம். குறிப்பாக இரவில் பெரிய வலிப்பு வருபவர்களுக்கு. பயமுறுத்தக் கூடாது என்று மறைப்பதைவிடச் சொல்வதே மரியாதை. தெரிந்தால்தான் வேளை தவறாமல் இருப்பார்கள், ஒரே அறையில் ஒருவர் படுப்பார், குப்புறக் கிடந்தால் திருப்பிவிடுவார்.

கல்யாணம், பிள்ளைப்பேறு, வேலை

இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது. 1999-இல் வந்த திருத்தம் அதை நீக்கிவிட்டது. இன்னும் பலர் மறைத்தே மணம் முடிக்கிறார்கள். மறைப்பதால் மாத்திரையையும் மறைக்க வேண்டிவருகிறது, முதலிரவிலிருந்தே வேளை தவறுகிறது.

வால்ப்ரோயேட் எடுக்கும் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு உடலமைப்புக் குறைபாடு வருகிறது; பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சி பின்தங்கலாம். கருத்தரித்தபின் பதறி நிறுத்துவது தாய்க்கு ஆபத்து. மாற்றுவதாக இருந்தால் கருத்தரிப்பதற்கு மாதங்களுக்கு முன்பே மாற்ற வேண்டும், ஃபோலிக் அமிலத்தையும் அப்போதே தொடங்க வேண்டும். லாமோட்ரிஜின் அளவு கர்ப்ப காலத்தில் பாதிக்கும் கீழே இறங்கக்கூடும். ரத்த அளவைப் பார்த்துக் கூட்டி, பிரசவத்துக்குப் பின் விரைவாகக் குறைக்க வேண்டும். கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன் எடுப்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரை நம்பத்தக்கதல்ல, காப்பர்-டி பொருந்தும். பெரும்பாலான மருந்துகளோடு தாய்ப்பால் கொடுக்கலாம்.

ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்நல உறுதிமொழிப் படிவம் வலிப்பு உண்டா என்று நேரடியாகவே கேட்கிறது. உயரத்தில் ஏறும் வேலை, லேத், மரம் அறுக்கும் இயந்திரம், பெரிய வாகனம் தவிர்க்க வேண்டியவை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் வலிப்பு பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. கூடவே அறிவுத்திறன் குறைபாடோ கை கால் பலவீனமோ இருந்தால் அந்தப் பிரிவில் சான்றிதழ் கேட்கலாம். வலிப்பினாலேயே வேலை இழந்தவருக்கு இது பெரிய அநீதி.

மனச்சோர்வு இந்த நோயின் ஒரு பகுதியே, பலவீனம் அல்ல. ஒவ்வொரு சந்திப்பிலும் வலிப்பு எத்தனை என்று கேட்பதுபோல் தூக்கம், அழுகை, சாக வேண்டும் என்ற எண்ணம் பற்றியும் கேட்க வேண்டும். புது மருந்து தொடங்கிய சில வாரங்களில் குணம் மாறினால் மருந்தைச் சந்தேகியுங்கள்.

அடங்காத வலிப்பு என்ற முடிவு ஒருமுறை எழுதிவைத்துவிட்டு மறந்துவிடுவதற்கல்ல. ஆண்டுதோறும் நூற்றில் நான்கைந்து பேருக்கு ஓராண்டாவது வலிப்பில்லாத காலம் கிடைக்கிறது. அவர்களில் பலருக்குத் திரும்பவும் வரும், சிலருக்கு வராது. பத்தாண்டுக்கு முன் எடுத்து "ஒன்றுமில்லை" என்று எழுதிய எம்ஆர்ஐயை இன்றைய கருவியில் மறுபடி எடுத்தால் தழும்பு தெரிவது உண்டு. குழந்தையாக இருந்தபோது செய்யாத மரபணுப் பரிசோதனையை இப்போது செய்ய முடியும். டிராவே நோய்க்கும், மூளை உள்ளிட்ட உறுப்புகளில் கட்டிகள் தோன்றும் மரபணு நோயான ட்யூபரஸ் ஸ்கிளிரோசிஸுக்கும் தனி மருந்துகள் வந்துவிட்டன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பழைய படங்களும் நாட்குறிப்பும் மருந்துத் தாளும் கையில் வைத்துக்கொண்டு, வலிப்பு மையம் ஒன்றில் முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.